மணல்

இலை உதிர் மாதம். ப்ர்னோவில் முதல் டிராம் என்னுடையது.
நிறுத்தத்தில் ஒரு கிழவர், ஒரு நாய்.
பக்கத்திலேயே அதே கிழவர், அதே நாய்,
கொஞ்சம் சாய்ந்து.
தண்டவாளம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு.
எந்த இரண்டின் மேல் போகிறேன் என்று
பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகத் தெரியவில்லை.

நிறுத்தினேன். கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன்:
"த்ராஹோமீரா பேசுறேன். எனக்கு ரெண்டு தண்டவாளம் கூடுதலா இருக்கு.
வேற ஆள் அனுப்புங்க."
குடித்திருக்கிறாயா என்றார்கள்.
திட்ட வாயெடுத்தேன்,
தாடை பாதியிலேயே களைத்துவிட்டது.

டாக்டர் ஹவெல்கா
ரப்பர் கையுறைக்குள் பனிக்கட்டி போட்டு முடிந்து
விழுந்து கிடந்த இடது இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார்.
எடுத்ததும் இமை எழுந்தது,
காலையில் கடை ஷட்டர் ஏறுவது போல.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"கடைசியா அந்த மருந்து எப்ப ஏத்தினாங்க?"

கெண்டைக்காலில் ஒரு மச்சமாகத் தொடங்கியது அது.
நுரையீரலில் ஏழு புள்ளியாக ஏறி உட்கார்ந்தது.
மூன்று முறை சொட்டுச் சொட்டாக மருந்து;
ஏழு, மூன்றாயிற்று.
அன்று விளாஸ்திமில் விலை கேட்காமல் இறைச்சி வாங்கிவந்தான்.

உடம்பின் காவலுக்கும் பிரேக் உண்டாம்.
புற்று அதை மிதித்தபடியே பதுங்கியிருந்ததாம்.
மருந்து அதன் காலைத் தட்டிவிட்டது.
பாய்ந்த காவல் கட்டியைத் தின்றது,
நிற்கத் தெரியாமல்
நரம்பு சொல்வதைத் தசை கேட்கும் வாசல்களையும்
தின்றுகொண்டிருக்கிறது.

"சரிவுல பிரேக் இல்லாத வண்டி," என்றேன்.
"கிட்டத்தட்ட."
"ஈர இலையில சக்கரம் வழுக்கினா எங்ககிட்ட மணல் இருக்கு.
ஒரு மிதி, சக்கரத்துக்கு முன்னால கொட்டும்.
உங்ககிட்ட?"
யோசித்தார். "இருக்கு. நிறையக் கொட்டணும்."

ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள், தினம் மூன்று வேளை.
திங்கள் இருபத்தாறு.
செவ்வாய் பத்தொன்பது.
புதன் பதினொன்றில் குரல் மூக்கு வழியே போய்விட்டது,
சூப்பும் அதே வழியில்.
செயற்கைச் சுவாசக் கருவியைக் கட்டிலருகே தள்ளி நிறுத்தினார்கள்,
வேறு யாருக்கோ கொண்டுவந்தது போல.

காலடியில் இரண்டு மருத்துவர்கள்.
புற்றுக்காரர்: "அடக்கினா கட்டி திரும்பி வரலாம்."
நரம்புக்காரர்: "அடக்கலன்னா திரும்பி வர ஆள் இருக்காது."
இருவர் சொன்னதும் சரி.
இமையை விரலால் தூக்கிப் பிடித்து
இருவரையும், அதாவது நால்வரையும்,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீராய்டு. முதலில் இன்னும் மோசமாகலாம் என்றார்கள்;
வாக்குத் தவறவில்லை.
பிறகு கழுத்துக் குழாய் வழியே ரத்தம் வெளியே போய்
பிளாஸ்மாவைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பியது.
பையில் சேர்ந்தது வெளிர் பியர் நிறம்.
"நுரைதான் இல்ல," என்றாள் செவிலி ஸ்தாஞா.
அந்தப் பையில் இருந்தவர்கள் எதிரிகள் அல்ல.
என்னைக் காப்பாற்ற வந்தவர்கள்.

ஐந்தாவது பைக்குப் பிறகு, இருபத்திரண்டு.

அந்த மருந்து இனி எனக்கில்லை;
கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறது.
மூன்று புள்ளிகளும் என்ன யோசிக்கின்றன என்று
பிப்ரவரியில் படம் எடுத்துப் பார்ப்பார்கள்.
முகம் பன் மாதிரி உப்பிவிட்டது.
இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வராமல்
துடைத்த அலமாரியையே துடைக்கிறேன்.
மணல் எங்கேயும் உறுத்தும்.

ஓட்ட இன்னும் அனுமதியில்லை. பயணியாக ஏறுகிறேன்.
புதுப் பையன் லிபோர் ஓட்டுகிறான்.
சரிவு தொடங்குமுன் மூச்சை இழுத்து எண்ண ஆரம்பிக்கிறேன்.
சக்கரத்தடியில் கரகரவென்று சத்தம்;
தேவைக்கு மேல் கொட்டுகிறான். கொட்டட்டும்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
எதிர் இருக்கைக்காரி என்னையே பார்க்கிறாள்.

ஒருத்திதான்.